இளநீர் விரதமும் கொரியக் கஷாயமும்

ஐப்பசி மாத வளர்பிறை பிறந்ததும் கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் முருகன் கோயில்களில் காப்புக் கட்டுவோர் கூட்டம் சேர்ந்துவிடும். கந்த சஷ்டி ஆறு நாள் விரதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் ஒருவேளைச் சைவச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலருக்குப் பாலும் பழமும். மன உறுதி மிக்கவர்கள் எண்ணி எடுத்த மிளகும் தண்ணீருமாக மிளகு விரதம் இருப்பார்கள். இளநீர் மட்டும் குடித்து ஆறு நாளையும் கடக்கிற இளநீர் விரதமும் நம் மரபில் உண்டு. தென்னை நிறைந்த சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

இங்கிருந்து ஏறக்குறைய 4,600 கிலோமீட்டர் தள்ளி, தென்கொரியாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. உடல் பருமனுக்காக வருகிறவர்களுக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை திட உணவை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக மூலிகைக் கஷாயமும், புளிக்கவைத்த காய்கனிச் சாறும் வேளை தவறாமல் தரப்படுகின்றன. வெறும் வயிற்றுப் பட்டினியிலிருந்து பிரித்துக் காட்ட, மருத்துவ உலகம் இதை மாற்றியமைத்த நோன்பு என்று வகைப்படுத்துகிறது.

நம்மவர் இருப்பது கடவுளுக்காக, அவர்கள் இருப்பது எடைக்காக. ஆனால் உண்ணாத உடம்புக்குள் நடக்கும் வேதியியல் இருவருக்கும் ஒன்றே. அந்த வேதியியலைப் புரிந்துகொண்டால் விரதம் எந்த இடத்தில் மருந்தாகிறது, எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதும் புரிந்துவிடும். மலேசியத் தமிழர்களான நமக்கு இது அவசரமாகத் தெரிய வேண்டிய செய்தி.

தோட்டத்து உடம்பு, தாமான் வாழ்க்கை

1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். அதற்கு முன்பும் பின்பும் இந்தப் பகுதியின் ரப்பரையும் தென்னையையும் செம்பனையையும் வளர்த்துக் கொடுத்தவை நம் முன்னோர் கைகள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, வாளி நிறையப் பாலைச் சுமந்து கொட்டகைக்கு நடந்த உடம்புகள் அவை. சோறு எவ்வளவு உண்டாலும் மாலைக்குள் கரைந்துபோகும்.

லயன் வீடுகள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. வேலை தொழிற்சாலைக்கும் லாரி இருக்கைக்கும் கல்லாவுக்கும் மாறியது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. காலையில் ரொட்டி சானாய், மாலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் என்று அதன் மேல் கூடுதலும் சேர்ந்துகொண்டது. விளைவு ஆய்வுகளில் தெரிகிறது. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடு. நீரிழிவு நாட்டளவில் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று சொல்லும் அளவு. இந்த நிலையில் உள்ள சமூகத்துக்கு உண்ணாநோன்பு வெறும் பக்தி விஷயமாக நின்றுவிட முடியாது.

பானையும் கிடங்கும்

கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு செரித்து முடிந்ததும், ரத்தத்தில் இன்சுலின் இறங்கத் தொடங்குகிறது. உடம்பு சேமிப்பைத் திறக்கும் நேரம் அது. நம்மிடம் இரண்டு சேமிப்புகள் உண்டு. ஒன்று கிளைகோஜன், வீட்டு அடுப்படியில் இருக்கும் அரிசிப் பானை போன்றது. கை நீட்டினால் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம்தான் அதன் அளவு. மற்றொன்று கொழுப்பு, செகிஞ்சான் அரிசி ஆலையின் கிடங்கு போன்றது. மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் திறக்க நேரம் பிடிக்கும்.

கல்லீரலின் கிளைகோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் காலியாகிவிடும். மூளைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பிலிருந்து குளுக்கோஸைப் பெரிய அளவில் உண்டாக்க நம் உடம்பால் முடியாது. ஆகவே முதல் சில நாள் உடம்பு தசைப் புரதத்தை உடைத்து மூளைக்குக் குளுக்கோஸ் செய்கிறது. நாளொன்றுக்கு 75 கிராம் புரதம் வரை இப்படிப் போகும். இதே வேகத்தில் போனால் மனிதன் சில வாரங்களில் இதயத் தசையையும் இழந்து இறந்துவிட வேண்டும். ஆனால் அவன் அதைவிட நெடுநாள் பிழைத்திருக்கிறான். எப்படி?

1967இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் இதற்கு விடை கண்டார்கள். வாரக்கணக்கில் உண்ணாமல் இருந்த பருமனான நோயாளிகளின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும், மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். குளுக்கோஸ் தவிர வேறெதையும் தொடாது என்று நம்பப்பட்ட மூளை, கீட்டோன் என்ற பொருளை எரித்துக்கொண்டிருந்தது! கல்லீரல் கொழுப்பை உடைத்து உண்டாக்குவதுதான் கீட்டோன். நோன்பின் இரண்டாம் மூன்றாம் நாளில் அது ரத்தத்தில் ஏறத் தொடங்கும். நாள் செல்லச் செல்ல மூளையின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை அதுவே பார்த்துக்கொள்ளும். தசை இழப்பும் நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் புரதமாகக் குறைந்துவிடும். பஞ்சம் பல கண்ட மனித இனம் பிழைத்து வந்த வழிகளில் இது முக்கியமானது.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஏழு நாளில் ஏழு கிலோ குறைப்போம் என்ற விளம்பரத்தின் உண்மையும் வெளிப்படும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. நாளுக்கு 2,000 கிலோகலோரி செலவாகும் ஒருவர் எதுவுமே உண்ணாவிட்டாலும் கரையக்கூடிய கொழுப்பு சுமார் 260 கிராம். ஏழு நாளுக்கு இரண்டு கிலோவைத் தொடாது. மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே விடுகிறது. மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டே நாளில் அந்தத் தண்ணீர் திரும்பிவிடும்.

பானத்தில் என்ன இருக்கிறது?

உண்ணாமல் இருப்பதே மருந்தென்றால் வெறும் தண்ணீர் போதாதா என்று 1960களின் மருத்துவர்களும் கேட்டார்கள். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் 207 கிலோ எடையிருந்த ஓர் இளைஞர் 1965, 66இல் 382 நாள் உண்ணாமல் இருந்து 82 கிலோவுக்கு வந்தார். மருத்துவர்கள் அவரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். விட்டமின்களும் தேவைப்பட்டபோது தாது உப்புகளும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இதே வழியில் சென்ற வேறு சிலர் இதயம் நின்று இறந்தார்கள். கொழுப்பு மிச்சமிருக்கும்போதே புரதமும் பொட்டாசியமும் தீர்ந்தால் உயிர் தாங்காது என்பது அப்போது தெளிவானது.

அதன் பிறகு புரதம் கலந்த பானத்தோடு நோன்பிருக்கும் முறை வந்தது. 1970களில் அமெரிக்காவில் திரவப் புரதம் என்ற பெயரில் ஒரு பானம் புயல்போல் பரவியது. மாட்டுத் தோலிலும் தசைநாரிலும் எடுத்த கொலாஜனைக் கரைத்துச் செய்தது அது. புரதம்தான், ஆனால் உடம்புக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களும் தாது உப்புகளும் அதில் போதவில்லை. அதையே நம்பியிருந்தவர்களில் ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள். பசி ஒன்றே, பானம் மாறினால் முடிவும் மாறும்.

நல்ல பானத்துக்கும் சான்று இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் ஓட்டோ புஃகிங்கர் வகுத்த நோன்பில் காய்கறி வடிசாறு, பழச்சாறு, சிறிது தேன் என்று நாளுக்கு 250 கிலோகலோரி வரை தரப்படும். 4 முதல் 21 நாள் வரை அப்படி இருந்த 1,422 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பாதகமான விளைவுகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நீரிழிவாளர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம், நாளுக்குச் சுமார் 850 கிலோகலோரி அளவில் சத்துகள் சரிபார்த்த பானங்களையும் சூப்புகளையுமே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது.

கொரியர் வகுத்த மூன்று கட்டம்

கொரியாவின் பாரம்பரிய மருத்துவம் பரம்பரைக் கைவைத்தியமாகத் தேங்கி நின்றுவிடவில்லை. ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சான 'தோங்உய் போகம்' என்ற மருத்துவக் களஞ்சியத்தை 2009இல் யுனெஸ்கோ உலக ஆவணப் பட்டியலில் சேர்த்தது. 1894இல் லீ ஜேமா மனிதரை நான்கு உடல்வாகாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். அவற்றில் தேஉம் என்னும் உடல்வாகுக்கு எளிதில் சதை போடும் இயல்பு என்பது அவர் கணிப்பு; கப உடம்பைப் பற்றி நம் சித்த வைத்தியர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மருத்துவர்களுக்கு உரிமம் கொடுத்தது. இன்று அவர்கள் கல்லூரியில் ஆறாண்டு படித்துத் தேர்வெழுதி வருகிறார்கள்.

அவர்களின் நோன்பு சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள். முதலில் சில நாள் சாப்பாட்டைப் படிப்படியாகக் குறைப்பது. அடுத்து, பானத்தோடு நோன்பு. கடைசியில் மீட்பு உணவு. மூன்றாவதில்தான் அவர்கள் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். ஊறவைத்த அரிசியைப் பத்துப் பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, பருக்கை இல்லாமல் வடிகட்டிய மியும் என்ற கஞ்சித் தண்ணீர்தான் முதல் உணவு. அது ஒத்துக்கொண்ட பிறகு ஜுக் என்ற அடர்ந்த கஞ்சி. அதன் பிறகே சோறு.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. பருமனுக்குக் கொரிய வைத்தியர்கள் எழுதும் பல கஷாயங்களில் முக்கியச் சரக்கு மாஹ்வாங், அதாவது எஃபெட்ரா என்னும் செடி. அதிலுள்ள எஃபெட்ரின் பசியை அடக்கும். கூடவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். 2003இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, எஃபெட்ரா சார்ந்த மருந்துகளால் மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாகக் குறைகிறது என்றும், படபடப்பு, மனக்கலக்கம், குமட்டல் போன்ற தொல்லைகள் இரண்டு மூன்று மடங்கு கூடுகின்றன என்றும் கண்டது. 2004இல் அமெரிக்கா எஃபெட்ரா கலந்த சத்துப் பொருள்களைத் தடைசெய்தது. கொரியாவில் அளவு பார்த்து, நாடி பார்த்துக் கொடுக்கப் படித்த மருத்துவர் இருக்கிறார். அதே செடி பொட்டலமாகி இணையத்தில் விற்பனைக்கு வரும்போது அந்தக் காவல் இல்லை.

நம் வீட்டுப் பானங்கள்

நம் பானங்களையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 20 கிலோகலோரியும் 250 மில்லிகிராம் பொட்டாசியமும் இருக்கின்றன. ஒரு காயில் 300 மில்லி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஐந்து காய் குடிப்பவருக்கு 300 கிலோகலோரி கிடைக்கிறது. ஏறத்தாழ புஃகிங்கர் வகுத்த அளவு. பொட்டாசியம் 3.75 கிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3.5 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு இது பொருந்துகிறது. 1960களின் தண்ணீர் நோன்பில் இதயத்தைக் காக்கத் தேவைப்பட்ட உப்புகளில் ஒன்று இங்கே மரத்திலேயே தொங்குகிறது.

குறையும் உண்டு. அந்த ஐந்து காயிலும் சேர்த்துப் புரதம் பெரும்பாலும் 10 கிராமைத் தாண்டாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் ஆறு நாளைக்கு இதைத் தாங்கிக்கொள்ளலாம். எடை குறைகிறதே என்று மாதக்கணக்கில் நீட்டினால் கரைவது தசை. பால் பழ விரதத்தில் மூன்று பெரிய டம்ளர் பால் 24 கிராம் புரதம் தருகிறது. நீர்மோர் சிறிது புரதமும், போகிற உப்புக்கு ஈடாக உப்பும் தரும். பானகத்தில் இருப்பது பெரும்பாலும் வெல்லம். களைப்பைத் தீர்க்கும், கொழுப்பைக் கரைக்காது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. ஆனால் வேகவைத்த தண்ணீரை மட்டும் இறுத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக வைத்தால் புரதத்தின் பெரும்பகுதி சட்டியிலேயே தங்கிவிடும். கொள்ளையும் சேர்த்து அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால்தான் அது சட்டியை விட்டு வயிற்றுக்கு வரும்.

முடிக்கும் விதம்

லங்கணம் பரம ஔஷதம் என்ற சொல்லை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். பட்டினியே பெரிய மருந்து என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த மருந்தை நிறுத்தும் முறையையும் பழைய வைத்தியம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. வயிற்றைச் சுத்தி செய்த பிறகு முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு அடர்ந்த கஞ்சி, பிறகு பருப்புச் சாறு, அதன் பின் இறைச்சிச் சாறு என்று 12 வேளைக்கு ஏறுமுகமாகப் போகும் ஒழுங்கு ஆயுர்வேதத்தில் உண்டு. கொரியரின் மியும், ஜுக் வரிசையும் இதன் உடன்பிறப்பு. ஏகாதசிக்கு மறுநாள் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று தொடங்குவதும் நம் வீடுகளில் உயிரோடிருக்கும் வழக்கம்.

இந்த ஒழுங்குக்கு உள்ள காரணத்தை இரண்டாம் உலகப் போர் உலகுக்குக் காட்டியது. நெடுநாள் பட்டினி கிடந்து விடுதலையான கைதிகள் வயிறார உண்ட பிறகு சுருண்டு விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். நோன்பில் உறங்கிக் கிடந்த இன்சுலின், சோறு வந்ததும் எகிறுகிறது. செல்கள் குளுக்கோஸை வாரி எடுக்கும்போது ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே இருப்புக் குறைந்த ரத்தத்தில் அவை திடீரென்று சரிந்தால் இதயம் தாளம் தப்பும். ஒரு நாள் ஏகாதசிக்கு இந்த அச்சம் வேண்டாம். ஐந்தாறு நாளுக்கு மேல் மிகக் குறைவாக உண்டவர்கள், அதிலும் முன்பே மெலிந்தவர்களும் நோயாளிகளும், ஏழாம் நாள் வாழையிலை விருந்துக்கு நேராக உட்காரக் கூடாது. கஞ்சியில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் சோற்றுக்கு வர வேண்டும்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியது

நம் விரதத்துக்கு இன்று உண்மையான ஆபத்து மாத்திரைப் பையில்தான் இருக்கிறது. இன்சுலின் ஊசியோ கிளிக்கிளசைட் மாத்திரையோ எடுப்பவர் வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு நோன்பில் கீட்டோன் எல்லை மீறி ரத்தம் அமிலமாகலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு ஐந்து இளநீரின் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தலாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடும் விரதங்கள் வேண்டாம்.

பாசார் மாலாமில் விற்கும் மெலிய வைக்கும் காப்பியும் இதே பட்டியலில் சேரும். இதயத்துக்குக் கேடென்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ராமின், இத்தகைய பொட்டலங்களில் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தென்றால் மால் என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் பெட்டியில் இருக்கும். அவை இல்லாத பொட்டலத்தை மூலிகை என்ற பெயருக்காக நம்பி வாங்கக் கூடாது.

இந்த நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ரமலான் நோன்பு வருமுன் நீரிழிவுள்ள முஸ்லிம்களுக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவது அரசாங்கக் கிளினிக்குகளில் வேரூன்றிய வழக்கம். மருத்துவர்களுக்கென்றே சுகாதார அமைச்சின் வழிகாட்டி இருக்கிறது. அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பும் 2016இல் ஒன்று வெளியிட்டு 2021இல் திருத்தியது. சஷ்டிக்கும் நவராத்திரிக்கும் தைப்பூசத்துக்கும் விரதமிருக்கும் இந்துவுக்கு அப்படி ஒரு வழிகாட்டி ஏன் இருக்கக் கூடாது? நீரிழிவு இவ்வளவு மிகுந்த சமூகம் இதைக் கேட்டுப் பெறத் தகுதியுள்ளது.

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட இந்திய மருத்துவத்தை அங்கீகரித்துவிட்டது. படித்த சித்த வைத்தியரும் கிளினிக் மருத்துவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, விரதத்துக்கு முன்னும் பின்னும் எடை, சர்க்கரை, உப்பு, தசை என்று அளந்து பார்த்தால், நம் விரதங்களில் எது உடம்பைக் காக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்பது ஊகமாக இல்லாமல் அறிவாகக் கிடைக்கும். அந்த ஆய்வு வரும்வரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை காப்புக் கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை நாள் விரதம், என்ன குடிக்கப்போகிறீர்கள், எப்படி முடிக்கப்போகிறீர்கள் என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரதம் மருந்தாவது அந்த மூன்று பதில்களில்தான் இருக்கிறது.